ராஜ வீதி டச் பார்க்கும் கடை: கல்லும் மெஷினும் ஒத்துப்போகாத இடம்

முதலில் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். கோவை ராஜ வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருக்கும் சின்னக் கடை இது. நகையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும், கேட்டால் உருக்கிக் கொடுப்பதும்தான் வேலை. டச் பார்ப்பது என்று ஊரில் சொல்வோமே, அதுதான். எக்ஸ்ரே வைத்து அளக்கும் ஒரு எக்ஸ்ஆர்எஃப் மெஷின், ஒரு உரைகல், பின்கட்டில் உருக்கும் இடம். ஒரு பொருளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, உருக்கக் கூலி தனி. படிக்கட்டு செங்குத்து, முட்டி வலிக்காரர்களைக் கூட்டிப் போகாதீர்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த நாலும் மெஷினுக்காக இல்லை. மெஷின் இந்தத் தெருவில் பத்துக் கடையில் இருக்கிறது.

எங்கள் வீட்டு விவகாரம் இது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அம்மாவின் பழைய நகையைப் போட்டுப் புதுசு எடுப்பதாகப் பேச்சு. இரட்டை வடச் சங்கிலி ஒன்று, கெட்டி வளையல் ஒரு ஜோடி, பிற்பாடு வாங்கிய மெல்லிய செயின் ஒன்று. புது நகை எடுக்கப் போன கடையில் எக்ஸ்சேஞ்ச் கவுன்டர்காரர் சங்கிலியையும் வளையலையும் கையில் வாங்கி, ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழசுங்க, 84 டச்தான் போட முடியும்" என்றார். மெல்லிய செயினில் '916 கேடிஎம்' என்று முத்திரை இருந்ததால் அதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் 91.6 ஒப்புக்கொண்டார். அண்ணனுக்கு வந்ததே கோபம். "எங்கம்மா நகை பத்தரை மாத்துத் தங்கமுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பத்தரை மாத்து என்று அண்ணன் சொன்னது இருபத்திரண்டு கேரட் என்ற அர்த்தத்தில். இருபத்திரண்டு கேரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது நூற்றுக்கு 91.6. ஆகவே 84 என்பது சின்ன வித்தியாசம் இல்லை. இரண்டு சவரன் வளையலில் ஒரு கிராமுக்கு மேல் சுத்தத் தங்கம் காணாமல் போகும்.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பெரியம்மா, இரண்டு அத்தைகள், சித்தப்பா, அண்ணி. "இத்தனை பேர் சொல்றமே, எல்லாரும் பொய்யா சொல்லுவோம்?" பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு யார் சொன்னது என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பெரியம்மாவுக்கு அம்மா சொன்னது. அத்தைகளுக்கும் அம்மா சொன்னது. சித்தப்பாவுக்குப் பெரியம்மா. அண்ணிக்கு அண்ணன். அம்மாவுக்கு யார் சொன்னது? செய்து கொடுத்த பொள்ளாச்சி பத்தர். ஐந்து பேர் சொன்னார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் சாட்சி ஒருத்தர். அவரும் நகையைச் செய்து கூலி வாங்கியவர்.

எதிர்ப் பக்கமும் அப்படித்தான். எக்ஸ்சேஞ்ச் கவுன்டர்காரருக்கு 84 என்று சொன்னால் லாபம். லாபம் இருப்பதால் மட்டும் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. அவர் தினம் எத்தனையோ பழைய நகை பார்க்கிறவர், நான் பார்ப்பதில்லை. அவர் எதைப் பார்த்து 84 என்றார் என்பதுதான் எனக்கு உறுத்தியது. கல்லில் உரசவில்லை, மெஷினில் வைக்கவில்லை. 'பழசு' என்பதைத்தான் பார்த்தார்.

சித்தப்பா பஞ்சாயத்து பேசிப் பழகியவர். "அவன் 84ங்கறான், நீங்க 91ங்கறீங்க. நடுவுல 88ன்னு பேசி முடிங்க, கல்யாண வேலை கெடக்குது" என்றார். பேரத்துக்கு அது சரி. நான் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். ஷாஃப்ட் ஒன்றை இரண்டு பேர் அளந்து இரண்டு அளவு சொன்னால், கூட்டி இரண்டால் வகுத்து ரிப்போர்ட் எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மைக்ரோமீட்டர் ஜீரோ சரியா, எந்த இடத்தில் பிடித்து அளந்தார்கள், ஷாஃப்ட் சூடாக இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் முறை. அதனால்தான் இந்தக் கடைக்குப் போனோம். அண்ணன் வர மறுத்து, அப்புறம் அவரே வண்டியை எடுத்தார்.

உள்ளே போனதும் அம்மா நகையை வெளியே எடுக்கவில்லை. என் கையில் போட்டிருந்த ஹால்மார்க் மோதிரத்தைக் கழற்றி, முதலில் இதைப் பாருங்கள் என்றேன். அதில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22கே916, ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும் ஆறு எழுத்து அடையாள எண்ணான எச்யூஐடி மூன்றும் இருக்கிறது. அந்த ஆறு எழுத்தை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் என்ன பொருள், என்ன தரம், எந்த மையத்தில் ஹால்மார்க் செய்தார்கள் என்று காட்டும். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. எங்கள் கம்பெனியில் இப்படி அளவு தெரிந்த பொருளை மாஸ்டர் பீஸ் என்போம். மெஷினில் இருந்த பையன் முகம் சுளிக்கவில்லை. "நல்லதுங்கக்கா, வெச்சுப் பாத்துக்கங்க" என்று மோதிரத்தைத் தட்டில் வைத்தான். திரையில் கேமரா படத்தில் சிவப்புக் குறி மோதிரத்தின் மேல் வந்து நின்றது, ஒரு நிமிஷத்துக்குள் 91.7 வந்தது. எக்ஸ்ரே எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு ஆழமாகத் தெரியாது, தெரிந்துகொள்ள அன்றைக்கு நேரமும் இல்லை. எனக்கு விடை தெரிந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னது. அதற்கு மேல் தெரியாத கேள்வியைக் கேட்கலாம் என்ற தைரியம் வந்தது.

இப்போது இந்தக் கடையின் விசேஷத்துக்கு வருகிறேன். முன்னால் உரைகல்லோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். எந்த நகை வந்தாலும் முதலில் அவரிடம்தான் போகிறது. கறுப்புக் கல்லில் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். அதன் பக்கத்தில், டச் தெரிந்த ஊசிகளால் இரண்டு மூன்று கோடுகள். கல்லைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் ஒரு எண்ணை எழுதி மடித்து வைத்துவிடுவார். வாயைத் திறப்பதில்லை. அதற்குப் பிறகுதான் நகை மெஷினுக்குப் போகும். மெஷின் எண் வந்தபின் சீட்டைப் பிரிப்பார்கள்.

ஏன் இப்படி என்று கடைக்காரரிடம் கேட்டேன். "மெசின் நம்பரக் கேட்டுட்டுக் கல்லுப் பாத்தா ஐயாவுக்கும் அதே நம்பர்தானுங்க தெரியும்" என்று சிரித்தார். பையனுக்கு முதலில் தெரிந்தாலும் அதே கதை, குறியை அங்கே இங்கே நகர்த்தி ஐயா சொன்ன எண் வரும்வரை வைத்துப் பார்ப்பானாம். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே இடத்துக்கு வந்தால்தான் அது இரண்டு சாட்சி. எங்கள் வீட்டு ஐந்து சாட்சிகளை நினைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தார்.

முதலில் அந்த மெல்லிய செயின். அண்ணன், நான், எக்ஸ்சேஞ்ச் கவுன்டர்காரர் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே பொருள் அதுதான். மெஷின் 91.4 என்றது. பெரியவர் சீட்டில் 87. அண்ணன் உடனே, "வயசானவருங்க, விடுங்க" என்றார். கடையில் யாரும் விடவில்லை. இரண்டுக்கும் இரண்டு டச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அறுத்துப் பார்ப்பது இவர்கள் வழக்கம். எங்களிடம் கேட்டுவிட்டு, கொக்கிக்குப் பக்கத்தில் அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அந்த வெட்டுக்குள் குறி வைத்தார்கள். 86.8.

காரணத்தைப் பெரியவரே சொன்னார். மெஷின் பார்க்கிற ஆழம் ஒரு தலைமுடித் தடிமனைவிடக் குறைவு. நகையைத் திராவகத்தில் போட்டு எடுக்கும்போது மேலாக இருக்கிற செம்பு கரைந்து, மேல்தோலில் தங்கத்தின் பங்கு கூடி நிற்கும். மேலே தங்க முலாம் ஓட்டியிருந்தாலும் இதே கதைதான். மெஷின் அந்தத் தோலை அளந்து, தோலைப் பற்றிச் சரியாகவே சொன்னது. பெரியவர் ஒரே இடத்தில் பலமுறை அழுத்தி உரசியதில் தோல் போய் உள் பொன் கல்லில் ஏறியது. '916 கேடிஎம்' முத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த அச்சு எந்தப் பட்டறையிலும் இருக்கும் என்றார். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தது என்பதற்கு ஒரு பெயர், பிஐஎஸ் கொடுக்கிற சான்று இல்லை. அந்தப் புகை பத்தர்களின் நெஞ்சுக்கு விஷம் என்பது தனிக் கதை. மூன்று தரப்பும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டதால் யாருமே பார்க்காமல் விட்ட பொருளில்தான் ஓட்டை இருந்தது. சங்கிலிக்காக மட்டும் வந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அடுத்தது வளையல். சீட்டில் 91, மெஷினில் 91.3. எங்கள் திருப்திக்காக அதையும் வெட்டிப் பார்த்தார்கள், உள்ளேயும் அதேதான். அண்ணன் சொன்னது சரி, எக்ஸ்சேஞ்ச் கடை சொன்ன 84 தப்பு, அவ்வளவுதான். சித்தப்பா சொன்ன 88-க்கு ஒத்துக்கொண்டிருந்தால் இரண்டு தரப்பையும் மதித்ததாகப் பெயர் கிடைத்திருக்கும், தங்கம் போயிருக்கும்.

இரட்டை வடச் சங்கிலி, 32.4 கிராம். பெரியவர் 90 எழுதியிருந்தார். மெஷின் ஒரு இடத்தில் 91.1, இன்னொரு இடத்தில் 90.8. இரண்டும் ஒத்துப்போனது. அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஆனால் கடைக்காரர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கவில்லை. "ரெண்டு பேரும் வளையத்தோட மேல்பக்கத்தத்தானுங்க பாத்திருக்கோம். பத்து வெச்ச எடத்த ரெண்டு பேரும் பாக்கல" என்றார். வளையத்தைப் பற்றவைத்து ஒட்டிய இடத்தைத்தான் சொன்னார். கண்ணாடிக்கடியில் காட்டினார். ஒவ்வொரு வளையமும் மூடுகிற இடத்தில் ஒரு மங்கல் திட்டு, கடுகைவிடச் சின்னது. அந்தக் காலத்தில் பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்து, சீக்கிரம் உருகுகிற பொடி வைத்து ஊதுவார்கள். அந்த இடத்தில் டச் இறங்கியே தீரும். ஒரு திட்டில் மட்டும் குறி வைத்தபோது எண் நன்றாகவே இறங்கியது. இரட்டை வடத்தில் இப்படி நூற்றுக்கணக்கான திட்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி, பொடி வைத்த சங்கிலிக்குப் பொருந்தாது.

இங்கேதான் எனக்கு இந்தக் கடை மேல் மரியாதை வந்தது. கல்லும் மெஷினும் வேறு வேறு ஆள், வேறு வேறு வழி, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. அப்படி இருந்தும் இரண்டுக்கும் ஒரே இடத்தில் கண் தெரியவில்லை. ஒத்துப்போனதோடு திருப்திப்பட்டுச் சீட்டு கொடுத்திருந்தால் நாங்கள் சந்தோஷமாகக் கீழே இறங்கியிருப்போம். கம்பெனியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இன்ஸ்பெக்டர்கள் தனித்தனியாக ஓகே போட்ட வார்ப்பு, உள்ளே காற்றுப் புரையோடு ஆர்டர் திரும்பி வரும். இரண்டு பேரும் கண்ணால்தானே பார்த்தார்கள்.

உருக்குவதா வேண்டாமா என்று அண்ணனுக்கும் எனக்கும் படிக்கட்டில் நின்று கொஞ்சம் நேரம் போனது. அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலி. அண்ணன் உருக்க வேண்டாம் என்றதற்கு டச் காரணமில்லை, எனக்கும் அது புரிந்தது. கடைசியில் எப்படியும் புது நகைக்குப் போகிறதுதானே என்று அவரே சரி என்றார். எங்கள் கண் முன்னால்தான் உருக்கினார்கள், வாடிக்கையாளர் நிற்காமல் உருக்க மாட்டார்களாம். நீங்களும் பக்கத்திலேயே நில்லுங்கள். சங்கிலியை மூசையில் சுருட்டி வைத்து, வெண்காரம் ஒரு சிட்டிகை போட்டு, ஊதுகுழாய்த் தீயைத் திருப்பினார் ஒருவர். வளையங்கள் முதலில் சிவந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சட்டென்று இடித்துக்கொண்டு ஒரே சொட்டாகத் திரண்டன. மேலே அழுக்கு கறுப்பாக மிதந்தது, அதை ஓரமாக ஒதுக்கினார். அச்சில் ஊற்றித் தண்ணீரில் போட்டு எடுத்தபோது 32.1 கிராம். கட்டியின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள். 86.9.

கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 84-க்கு ஒத்துக்கொண்டிருந்தால் இந்தச் சங்கிலியில் மட்டும் அரை கிராமுக்கு மேல் சுத்தத் தங்கம் இழப்பு. 86.9 என்பது சித்தப்பாவின் 88-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று அவர் இன்றைக்கும் மார்தட்டுகிறார். வளையலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அண்ணனோ பத்தர் ஏமாற்றவில்லை என்கிறார். பொன் 91-தான், பொடியைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது அநியாயம் என்பது அவர் வாதம். அதில் பாதி எனக்குச் சம்மதம். பொன் 91-தான், பத்தர் பொய் சொல்லவில்லை. விற்கும்போது பொடியும் சேர்ந்துதான் தராசில் ஏறுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசியதால்தான் இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தோம்.

நாங்கள் இருந்தபோது ஒரு தம்பி வந்தான். யூடியூப் பார்த்து, ஆசிட் வாங்கி, வீட்டிலேயே சோதித்துவிட்டானாம். "யாரையும் நம்பக் கூடாதுங்க, நாமளே பாத்துடணும்" என்றான். விரல் நுனி மஞ்சளாகியிருந்தது, நைட்ரிக் ஆசிட் பட்டால் அப்படித்தான் ஆகும். அவன் ஆசிட் விட்டதும் மேல்தோலில்தான். யூடியூப்காரர் சொன்னதை மட்டும் ஏன் நம்பினான் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நானே யோசிக்கிறேன் என்றால் நானே திராவகம் காய்ச்சுகிறேன் என்று அர்த்தமில்லை. பெரியவர் கையை நம்பினேன், பையன் மெஷினை நம்பினேன். மோதிரத்தை வைத்துப் பார்த்த பிறகு நம்பினேன்.

குறைகளும் இருக்கிறது. ஒன்று, டச் பார்க்கும் இதே கடை பழைய தங்கமும் வாங்குகிறது. கட்டி கைக்கு வந்த அடுத்த நிமிஷமே பையன், "இங்கயே குடுத்துறலாமேக்கா, இன்னிக்கு ரேட்டுக்கே போட்டுக்கறோம்" என்றான். டச் சொல்கிறவரே விலையும் சொன்னால், எண் குறைந்தால் அவருக்கு ஆதாயம். எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் எதை உறுத்தலாக நினைத்தேனோ அதேதான் இங்கேயும். எங்களிடம் எண்ணில் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு மோதிரமும் பெரியவரின் சீட்டும் சாட்சி. எல்லாரும் மோதிரத்தோடு வர மாட்டார்கள். ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் போனது. விற்பதாக இருந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் விற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு, சீட்டு வெப்பத் தாளில் அச்சாகிறது. கொஞ்ச நாளில் எழுத்து மங்கிவிடும், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'வைத்துப் பார்த்த இடத்துக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த வரியைத்தான் மேலே பெரிதாகப் போட வேண்டும்.

மூன்று, இந்தச் சீட்டு சட்டப்படி செல்லாது. கடைக்காரரோடு வழக்கு என்று போகிற அளவுக்கு இருந்தால் பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்துக்கே போய்விடுங்கள். பொதுமக்கள் நேரடியாகவே கொடுத்துச் சோதிக்கலாம், நாலு பொருள் வரை 200 ரூபாய். ஹால்மார்க் போட்ட நகையில் தரம் குறைவு என்று தெரிந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று பிஐஎஸ் விதி இருக்கிறது. எங்கள் செயினில் ஹால்மார்க் இல்லாததால் அதை யாரிடமும் கேட்க முடியவில்லை.

கட்டியையும் வளையலையும் சீட்டோடு அதே எக்ஸ்சேஞ்ச் கவுன்டருக்கு எடுத்துப்போனோம். அவர் எங்கள் சீட்டை ஏற்கவில்லை, "எங்க கடை மெஷின்லதான் பாப்போம்" என்றார். தாராளமாகப் பாருங்கள் என்றோம். கட்டி 86.7, வளையல் 91.2. அந்த எண்ணுக்கே போட்டார்கள். மெஷின் முதல் நாளும் அங்கேதான் இருந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் போங்கள். வெள்ளியன்று தங்கத்தை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது என்று பழைய நகைக்காரர்கள் யாரும் படியேற மாட்டார்கள், பட்டறைக்காரர்கள் மட்டும்தான் இருப்பார்கள். பெரியவர் நிதானமாகப் பார்த்துத் தருவார். வண்டியைச் சந்துக்குள் விடாதீர்கள், டவுன்ஹால் பக்கம் நிறுத்திவிட்டு நடப்பது மேல்.